கைத்துப்பாக்கியில் மான் வேட்டை: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அஞ்செட்டிக்காரன்:
சித்தப்பா மகன் அமெரிக்காவில், ஒஹாயோவில் இருக்கிறான். நான் போயிருந்தபோது மான் சீசன். லைசென்ஸும் பெர்மிட்டும் வாங்கினால் அங்கே வேட்டைக்குத் தடையில்லை. கைத்துப்பாக்கிக்கும் கணக்கு உண்டு: குழல் 5 அங்குலமாவது இருக்க வேண்டும், தோட்டாவின் விட்டம் .357 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

தம்பியிடம் இருந்தது .44 மேக்னம் ரிவால்வர்; .357-ஐவிடத் தடித்த, வலுவான தோட்டா போடுவது. 1955-ல் வந்த தோட்டா, இன்றும் மவுசு குறையவில்லை. ".357 பத்தாதாடா?" என்றேன். "கிட்டத்தில் பத்தும்ணா. தோள் எலும்பில் பட்டால் இதுதான் உள்ளே இறங்கும்" என்றான்.

தோட்டாவைவிட அவன் வைத்திருந்த கட்டுப்பாடுதான் எனக்குப் பிடித்தது. மானின் நெஞ்சுப் பகுதி ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். காகிதத் தட்டை மாட்டிவைத்துச் சுட்டுப் பார்ப்பான். எவ்வளவு தூரம்வரை ஆறு குண்டும் தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் அவன் எல்லை. அவனுக்கு 50 கெஜம். அன்றைக்கு நல்ல கொம்புள்ள மான் ஒன்று 80 கெஜத்தில் வந்து நின்றது. ரிவால்வரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. எனக்குத்தான் கை துறுதுறுத்தது.

பென்னாகரம் விவசாயி:
நம்ம பக்கம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைச் சுட்டால் ஜெயில்தான், எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும். இங்கே லைசென்ஸில் கிடைக்கும் .32 ரிவால்வர் தற்காப்புக்கு. மானுக்கு அது காணவும் காணாது.

ராகிக் காவலுக்குப் பரணில் இருந்த ஒரு ராத்திரி காட்டுக்குள் வெடிச்சத்தம். விடிந்து பார்த்தால் ஓடையோரம் புள்ளிமான், தொடை முழுக்கப் பால்ரஸ் குண்டு (சின்ன இரும்பு உருண்டை), உயிர் இருந்தது. கரிமருந்து கிட்டித்த நாட்டுத் துப்பாக்கி வேலை. குண்டு சிதறுமே தவிர ஆழமாக இறங்காது. வனத்துறைக்குச் சொன்னோம், அவர்கள் வருவதற்குள் உயிர் போய்விட்டது. சுட்டவனுக்குக் கறியும் இல்லை. உங்கள் தம்பியின் தட்டுக் கணக்கு இவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது!

ஓசூர் வாசகர்:
அஞ்செட்டி அண்ணே, உங்கள் தம்பி வெறுங்கையிலா சுடுவார்?

அஞ்செட்டிக்காரன்:
இல்லை தம்பி. கவட்டைக் குச்சியில் மணிக்கட்டை ஊன்றித்தான். ஆனால் இடது கை குழல் பக்கம் போகவே கூடாது. சுழல் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சூட்டு வாயு பீறிட்டு வரும், விரலைக் கிழித்துவிடும். அப்புறம், காதுக்குக் கட்டாயம் அடைப்பான் வேண்டும்.