நீதியரசர் ஹெச்.ஆர். கன்னா: தனித்து எழுதிய தீர்ப்பால் யாருக்கு என்ன கிடைத்தது?

திலக் மார்க் ஜூனியர் (கேள்வி):

ஆர்.கே. புரத்தில் எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் நீதியரசர் ஹன்ஸ் ராஜ் கன்னாவைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். வருபவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள் அல்லர்; ஆனால் ‘மிசா’ (நெருக்கடி நிலையின்போது விசாரணையின்றிக் காவலில் வைக்கப் பயன்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்) என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் நிச்சயம் எழுப்பப்போகும் கேள்விக்கு எனக்கே தெளிவான விடை இல்லை. 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் ஆட்கொணர்வு (அடைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும்) வழக்கில் ஏ.என். ரே, எம்.ஹெச். பெக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி ஆகிய நால்வரும், நெருக்கடி நிலையில் காவலை எதிர்த்து நீதிமன்றம் செல்ல முடியாது என்ற அரசின் வாதத்தை ஏற்றனர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அந்த மறுப்பால் சென்னை மத்தியச் சிறையிலோ திகாரிலோ இருந்த ஒருவர்கூட வெளியே வரவில்லை. அப்படியிருக்க, அரசியலமைப்பை நாடாளுமன்றம் எவ்வளவு தூரம் திருத்தலாம் என்ற கேசவானந்த பாரதி வழக்கின் முடிவையே தீர்மானித்த அவருடைய தீர்ப்பை விட்டுவிட்டு, எதையும் மாற்றாத இந்தத் தீர்ப்பை ஏன் தூக்கிப்பிடிக்கிறோம்?

பழைய கறுப்பு அங்கி:

கேள்வி நியாயமானதுதான், தம்பி. ஆனால் அவர் என்ன எழுதினார் என்பதைச் சொல்லாமல் அவருடைய துணிவை மட்டும் பேசினால், கேட்பவர்களுக்கு ஒரு தியாகியின் கதை கிடைக்குமே தவிர, ஒரு நீதிபதி கிடைக்க மாட்டார்.

கன்னா புரட்சிக்காரர் அல்லர். 1912-இல் அமிர்தசரஸில் பிறந்து, அங்கேயே வக்கீல் தொழில் நடத்தி, 1952-இல் மாவட்ட அமர்வு நீதிபதியாகி, 1962-இல் பஞ்சாப் உயர் நீதிமன்றத்தை அடைந்து, 1966-இல் டெல்லி உயர் நீதிமன்றம் உருவானபோது இங்கு வந்து, 1969-இல் அதன் தலைமை நீதிபதியாகவும் 1971-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் ஆனவர். விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியையும் ஆவணத்தையும் எடைபோட்டுப் பழகியவர் என்பது அவருடைய எழுத்தில் தெரியும். அடிப்படை உரிமைகளை வலியுறுத்தி நீதிமன்றம் செல்வதை நிறுத்திவைத்த 1975 ஜூன் 27 ஆணையை அவர் தூக்கி எறியவில்லை. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவின் பெயரால் இப்போது வழக்காட முடியாது என்பதை ஏற்றுக்கொண்டே அடுத்த அடியை வைத்தார். உயிரும் சுதந்திரமும் அந்தப் பிரிவுக்குள் மட்டுமே குடியிருக்கவில்லை; சட்டத்தின் அனுமதியின்றி ஒருவரை அடைத்துவைக்க அரசுக்கு அதிகாரமில்லை என்பது அரசியலமைப்புக்கு முன்பே இருந்த நெறி; ஆகவே, மிசா சட்டம் விதித்த நிபந்தனைகளையே அதிகாரி மீறியிருந்தால் அதை நீதிமன்றம் பார்க்கலாம் என்றார். 1963-இல் மாக்கன் சிங் வழக்கில் இதே நீதிமன்றம் திறந்துவைத்திருந்த வாசல்தான் அது. அடைக்கப்பட்டவர்களின் மனுக்களை விசாரிக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்த ஒன்பது உயர் நீதிமன்றங்களும் அந்த வாசல் வழியாகவே போயிருந்தன.

விசாரணையின் ஒரு கட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்லுங்கள். 21-ஆம் பிரிவில் சுதந்திரத்தோடு உயிரும் இருக்கிறதே, ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றால் அதற்கும் பரிகாரம் இல்லையா என்று அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே பதில். அரசு வாதத்தின் முழு நீளத்தையும் அந்த ஒரே கேள்வி வெளியே இழுத்துப் போட்டுவிட்டது. அதைக் கேட்ட பிறகும் நால்வர் எப்படி அரசின் பக்கம் நின்றனர் என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

பயனைக் கேட்டீர்கள். 1978-இன் 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளைத் தொட முடியாது. 2017 ஆகஸ்டில் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தபோது ஜபல்பூர் தீர்ப்பு செல்லாததாக்கப்பட்டது. அதைத் தவறென்று விரிவாக எழுதியவர், அந்த நால்வரில் ஒருவரான சந்திரசூட்டின் மகன். கன்னாவுக்குக் கிடைத்தது வேறு. 1977 ஜனவரியில் ரே ஓய்வு பெற்றபோது பணிமூப்பில் முதலில் நின்ற அவரைத் தாண்டி பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். ஓய்வு பெற ஜூலை வரை காலம் இருந்தும் கன்னா பதவி விலகினார்.

மயூர் விஹார் பேராசிரியை:

மேலே எழுதிய ஐயாவின் கருத்தோடு உடன்படுகிறேன், ஆனால் கேசவானந்த பாரதியை அவர் தொடாமலே போய்விட்டார். 1973-இல் பதின்மூன்று நீதிபதிகள் ஏழுக்கு ஆறு என்று பிரிந்தபோது, கன்னா இரு அணியிலும் முழுமையாகச் சேரவில்லை. அடிப்படை உரிமைகள் உட்பட எந்தப் பகுதியையும் நாடாளுமன்றம் திருத்தலாம் என்று ஒரு தரப்புக்கும், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை (அதன் ஆதாரத் தன்மைகளை) அழிக்க முடியாது என்று மறு தரப்புக்கும் பாதி பாதி கொடுத்தார். சொத்துரிமை அந்தக் கட்டமைப்பில் சேராது என்றும் எழுதினார். இதை வைத்து, எந்த அடிப்படை உரிமையுமே கட்டமைப்பில் இல்லை என்று அவர் சொன்னதாகச் சிலர் வாசிக்கத் தொடங்கினர். 1975 நவம்பரில் இந்திரா காந்தி தேர்தல் வழக்குத் தீர்ப்பில், தாம் அப்படிச் சொல்லவில்லை என்று அவரே விளக்க வேண்டியிருந்தது. ஆகவே ‘முடிவைத் தீர்மானித்த தீர்ப்பு’ என்பது சரி, ‘தெளிவான தீர்ப்பு’ என்பது சரியல்ல. ஜபல்பூர் தீர்ப்பில் அந்தத் தடுமாற்றம் கிடையாது; என் மாணவர்களுக்கு அதைத்தான் முதலில் படிக்கக் கொடுப்பேன்.

அவருடைய பிற்காலத்தையும் மறைக்க வேண்டாம். சட்ட ஆணையத் தலைவராக இருந்தது பொருத்தமானது. 1979-இல் சரண் சிங் அமைச்சரவையில் சட்ட அமைச்சராகி மூன்றே நாளில் விலகியதும், 1982-இல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக ஜெயில் சிங்கை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றதும் தேவையற்றவை என்பது என் எண்ணம்.

திலக் மார்க் ஜூனியர்:

இருவருக்கும் நன்றி. உச்ச நீதிமன்றத்தின் இரண்டாம் அறையில் அவருடைய படம் மாட்டப்பட்டிருப்பதையும், அவருடைய அண்ணன் அல்லது தம்பி வழி வந்த சஞ்சீவ் கன்னா 2019-இல் நீதிபதியாகி முதல் நாள் அதே அறையில் அமர்ந்ததையும் வைத்துத் தொடங்கலாமா?

கரோல் பாக் வாசகர்:

அது எல்லா நாளிதழ்களிலும் வந்துவிட்டது; தில்லித் தமிழர்களுக்கு முன் பேசும்போது ரங்கராஜனில் இருந்து தொடங்குங்கள். பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரை மிசாவில் அடைத்தபோது, அவருடைய மனைவி தொடுத்த ஆட்கொணர்வு மனுவை டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ். ரங்கராஜனும் ஆர்.என். அகர்வாலும் கேட்டனர். தீர்ப்பு வருமுன் அரசே நய்யாரை விடுவித்தது. விடுவித்த பிறகும், 1975 செப்டம்பரில், இருவரும் காவலுக்கு எதிராகத் தீர்ப்பைச் சொல்லிவிட்டனர். அதன் பிறகு ரங்கராஜன் குவாஹாட்டிக்கு மாற்றப்பட்டார். அகர்வால் மீண்டும் அமர்வு நீதிபதியாக இறக்கப்பட்டார். கன்னா தமது தீர்ப்பை எழுதும்போது, தாம் தலைமை தாங்கிய நீதிமன்றத்திலேயே இவ்வாறு தீர்ப்பளித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது ஊரறிந்த செய்தி. அந்த இருவரின் பெயரையும் கூட்டத்தில் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டு, பிறகு கன்னாவுக்கு வாருங்கள். கேள்வி நேரத்தில் மிசாவைப் பற்றி நிறையப் பேசுவார்கள். அதற்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்கிவையுங்கள்.