மறு: ‘டிரிம்’ – தமிழ்ச்சொல் வேண்டும், வியாழன் மாலைக்குள்

அவைக்கு வணக்கம்.

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் ஃபிளைட்கியர் சிமுலேட்டரில் நான்கு விமானங்களை ஓட்டப் பழக்கும் கையேடு வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. செஸ்னா 172, பைப்பர் ஜே-3 கப், போயிங் 737, ஏர்பஸ் ஏ320. படிக்கப்போவது பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்தது, ‘டிரிம்’தான் பாக்கி: விமானி கைப்பிடியை விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டாதபடி பளுவை ஈடுகட்டும் அமைப்பு, செஸ்னாவில் ஒரு சக்கரம். இயந்திர மொழிபெயர்ப்பு ‘கத்தரிச் சக்கரம்’ என்று தந்தது. குழம்பு வைக்கலாம், விமானம் ஓட்ட முடியாது. இப்போதைக்குச் ‘சமன் சக்கரம்’, ‘சமன்செய்’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பு உண்டா?

(சிமுலேட்டருக்குச் சொல் கேட்கவில்லை. அந்த இழையின் சூடே இன்னும் ஆறவில்லை.)

– செ.

* * *

செ.,

மறுப்பு உண்டு. ‘சமன்செய்’ என்று படிக்கிற பையன், விமானத்தைக் கிடைமட்டமாக்கும் கருவி என்று எடுத்துக்கொள்வான். ஏறும்போதும் டிரிம் உண்டு, இறங்கும்போதும் உண்டு.

செஸ்னா 172-இன் வலப்பக்க எலிவேட்டரில் (மூக்கை ஏற்றி இறக்க வாலில் அசையும் பலகை), பின்விளிம்பில் சிறிய தகடு ஒன்று இருக்கிறது. சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டினால் தகடு கீழே சாயும். காற்று தகட்டை மேலே தள்ளும், அதோடு எலிவேட்டரும் மேலெழும், மூக்கு உயரும். கை இழுத்துப் பிடிக்க வேண்டிய பளுவைக் காற்று வாங்கிக்கொள்கிறது. இதனால் நிலைப்பது வேகம், உயரம் இல்லை. 90 நாட் வேகத்துக்கு டிரிம் செய்துவிட்டு எஞ்சினைக் குறைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே வேகத்தில் மூக்கைத் தாழ்த்தி இறங்கத் தொடங்கும். ‘சமன்’ என்ற சொல் இதைக் காட்டுமா?

பாடத்தில் வரிசையையும் சரிபாருங்கள். ஏறி முடித்து மட்டமாகும்போது முதலில் மூக்கு, பிறகு எஞ்சின், கடைசியில் டிரிம். மூக்கைக் கையால் நிறுத்தி, வேகம் கூடி ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். வேகம் மாறிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தைத் தொட்டால் அதன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சொல் வேண்டுமென்றால் வள்ளுவரிடமே இருக்கிறது. “சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்” (118). சீர்தூக்கு, சீர்தூக்குச் சக்கரம்.

– மு.

* * *

மு. ஐயா,

குறள் நன்று, சொல் ஆகாது. கையேட்டின் முதல் பாடத்திலேயே இறக்கையில் பிறக்கும் விசைக்குத் ‘தூக்குவிசை’ என்று போட்டாயிற்று. நாலு பக்கம் தள்ளிச் ‘சீர்தூக்கு’ என்றால் அதுவும் இறக்கை சம்பந்தப்பட்டது என்றே பிள்ளைகள் நினைக்கும். இன்னொன்று: நீங்கள் வினைத்தொகையாகச் சொல்கிறீர்களா? ஆமென்றால் ‘சீர்தூக்கு சக்கரம்’ என்றுதான் எழுத வேண்டும். வினைத்தொகையில் வலி மிகாது. ‘ச்’ எங்கிருந்து வந்தது?

என் சொல் தடைகட்டு. எண்ணெய்க் கடையில் வெறும் பாத்திரத்தை ஒரு தட்டில் வைத்து, அதற்கு ஈடாக மறுதட்டில் கல்லிட்டுத் தடைகட்டுவார்கள். பிறகுதான் நிறுவை. டிரிம் செய்வதும் இதையே: இருக்கிற பளுவுக்கு ஈடு கட்டிவிட்டால் கை சும்மா இருக்கலாம். புழக்கத்தில் உள்ள சொல், வினையாகவும் பெயராகவும் வரும், யாரும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை.

– கோ.

* * *

கோ. அம்மா,

பெயராகக் கொண்டேன்: சீர்தூக்கு + சக்கரம். வன்றொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வலி மிகும். ‘ச்’ அங்கிருந்து வந்தது.

‘தடை’யில் எனக்குப் பயம். பள்ளி இயற்பியலில் காற்றுத்தடை என்றொரு பாடம் இருக்கிறது. சக்கரத்தை உருட்டினால் காற்றுத்தடை கூடும் என்று ஒருவன் விடைத்தாளில் எழுதுவான், அவனுக்கு மதிப்பெண் கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

– மு.

* * *

பெரியோர்களே,

இருவருமே சக்கரத்தை விட்டுவிட்டீர்கள். சீவக சிந்தாமணியில் விசயை ஏறிப் பறந்த மயிற்பொறி நினைவிருக்கிறதா? பொறியை வலம் திரித்தால் மேகத்தைப் பிளந்து ஏறும், இடம் திரித்தால் இறங்கி நிற்கும். திருத்தக்கதேவர் ஆளும் வினை ‘திரித்தல்’. டிரிம் என்பதும் திரியில் பிறந்ததே: திரி, திரிம், டிரிம். நம் சொல் கடல் கடந்து போய்த் தலையெழுத்து மாறித் திரும்பியிருக்கிறது. ‘டி’ மொழிமுதலில் வராது என்பதை மட்டும் தொல்காப்பியர் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே திரிப்பு.

– பா.

* * *

பா.,

‘டிரிம்’ பழைய ஆங்கிலத்தின் ‘டிரிம்மன்’ என்ற வினையிலிருந்து வந்தது. உறுதியாக்கு, ஒழுங்குபடுத்து என்று பொருள். அதைத் தமிழாக்கும் முயற்சியை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். ‘திரிப்பு’ என்றால் இன்று எல்லோர் நினைவுக்கும் வருவது வரலாற்றுத் திரிப்புதான்.

சொல்லைவிட முக்கியமான ஒன்று. திரிக்கிற சக்கரத்தை வைத்துப் பெயரிட்டால் இரண்டாம் விமானத்திலேயே உடையும். பைப்பர் கப்பில் தகடு கிடையாது. இடப்பக்கச் சுவரில் ஒரு கைப்பிடி. அதைச் சுழற்றினால் திருகுதண்டு வழியாக வால்சிறகின் (வாலிலுள்ள கிடைமட்டச் சிறகு) முன்விளிம்பே ஏறி இறங்கும். போயிங் 737-இலும் நகர்வது வால்சிறகு முழுவதும்தான். விமானி கட்டைவிரலால் பொத்தானை அழுத்த, நடுமேடையின் இருபுறமும் வெள்ளைக்கோடு போட்ட சக்கரங்கள் சடசடவென்று சுழலும். புறப்படுமுன் டிரிம் காட்டும் முள் பச்சைப் பட்டைக்குள் இல்லாவிட்டால், எஞ்சின் விசையைக் கூட்டத் த்ராட்டிலை ஏற்றும்போதே எச்சரிக்கை ஒலிக்கும். செஸ்னாவிலிருந்து வருகிற மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஏ320-இல் சாதாரண நிலையில் மூக்கை எங்கே விட்டோமோ அங்கே கணினியே டிரிம் செய்துகொள்ளும். தரையிலிருந்து 50 அடியில் அது நின்றுவிடும். 30 அடியில் மூக்கை மெல்லக் கீழே கொண்டுபோகும், விமானி இழுத்துப் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் கடைசி நொடியில் டிரிம்மைத் தேடுவதால்தான் விமானம் தொப்பென்று விழுகிறது. கான்கார்டில் வால்சிறகே இல்லை. ஒலிவேகத்தைத் தாண்டும்போது எரிபொருளைப் பின்தொட்டிக்கு இறைத்தார்கள். அதுவும் டிரிம்தான்.

தகடு, திருகு, கணினி, எரிபொருள். எல்லாவற்றுக்கும் பொதுவானது விளைவு மட்டுமே. பெயரும் விளைவுக்குத்தான் வேண்டும்.

– மு.

* * *

விளைவுக்குத்தான் பெயர் என்றால் தடைகட்டு பொருந்துகிறதே ஐயா. கல் போட்டாலென்ன, எண்ணெயை இறைத்தாலென்ன?

– கோ.

* * *

ஏ320 என்றதும் யாராவது புறநானூற்றின் “வலவன் ஏவா வான ஊர்தி”யை, ஓட்டுபவர் இல்லாத விமானத்தை, கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வராததால் நானே வருகிறேன். வலவன் என்ற சொல்லை விமானிக்கு மீட்டெடுக்க இதைவிட நல்ல வேளை...

– பா.

* * *

பா., வேண்டாம். புதன் இரவு ஆகிவிட்டது.

சொல் இல்லாமலே ஒரு பத்தியை முடித்துவிட்டேன், பிழை இருந்தால் சொல்லுங்கள். வீட்டு ஜாய்ஸ்டிக்கில் உள்ள சுருள்வில் எப்போதும் கைப்பிடியை நடுவுக்கே இழுக்கும். அசல் செஸ்னாவில் டிரிம் செய்தால் கைப்பிடி இருந்த இடத்திலேயே இருக்கும், பளு மட்டும் போகும். வீட்டில் பளு போகாது. டிரிம் கூடக்கூடக் கைப்பிடியை நாமே நடுவுக்குத் தளர்த்திக் கொண்டுவர வேண்டும். தளர்த்த மறந்தால் மூக்கு விருட்டென்று மேலே போகும், பதறி எதிர்ப்பக்கம் அழுத்துவோம், விமானம் அலையாடும். ஆகவே விசைப்பலகையில் டிரிம்முக்கான ஹோம், எண்ட் விசைகளை அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஒரு தட்டு, இரண்டு நொடி பொறுத்தல், மீண்டும் ஒரு தட்டு. பொட்டென்ஷியோமீட்டர் (திருகினால் மின்தடை மாறும் உறுப்பு) வைத்து டிரிம்முக்குத் தனிச் சக்கரம் செய்தவர்கள், ஆட்டோபைலட் ஓடும்போது அதைத் தொடக் கூடாது. இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கும்.

– செ.

* * *

சரியாக இருக்கிறது. செஸ்னா பாடத்தில் ஒன்றைச் சேருங்கள். தரையிறங்க மூக்குயர டிரிம் செய்துவிட்டு, இறங்காமல் மறுபடி ஏற முழு விசை கொடுத்தால் மூக்கு தானாகவே விருட்டென்று உயரப் பார்க்கும். வேகம் செத்து இறக்கை தூக்கத் தவறும். முதலில் கைப்பிடியை அழுத்தமாக முன்னே தள்ளு, உடனே ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் மடல்) 20 பாகைக்குக் கொண்டுவா, டிரிம் அதற்குப் பிறகு. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

‘அமைவு’ என்றொரு எண்ணமும் வந்தது. அதே குறளில் “அமைந்தொருபால் கோடாமை” என்று வருகிறது. ஆனால் மென்பொருள் பட்டியலில் செட்டிங்ஸுக்கு ஏற்கனவே அமைவு போட்டிருப்பீர்களே?

– மு.

* * *

போட்டிருக்கிறேன். ஆகவே அதுவும் போயிற்று.

கணக்குப் பார்த்தால் தடைகட்டுக்கு இருவர் (தனிமடலில் ஒருவர்), திரிப்புக்குப் பா. மட்டும், சீர்தூக்கை மு. ஐயாவே கைவிட்டுவிட்டார். மற்ற நால்வரும் தனிமடலில் ‘டிரிம் என்றே விடுங்கள், பிள்ளைகள் திரையில் பார்ப்பது அதைத்தான்’ என்கிறார்கள். கையேட்டில் ‘டிரிம்’, ‘டிரிம் செய்’. முதல் முறை வரும்போது மட்டும் ‘கைப்பளு நீக்க’ என்று ஒரு விளக்கம். அனுப்பிவிட்டேன்.

– செ.

* * *

வீட்டு ஜாய்ஸ்டிக்கில் கைப்பளு நீங்காது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், செ. பன்னிரண்டாம் பக்கம்.

இரண்டாம் பதிப்பிலாவது தடைகட்டு. சுக்கானுக்கும் டிரிம் உண்டல்லவா, அப்போது ‘சுக்கான் தடைகட்டு’ என்று வரும். ‘ச்’ வேண்டியதில்லை.

– கோ.

* * *

சுக்கான் அரபுச் சொல், அம்மா.

– பா.