1964 போன்டியாக் ஜி.டி.ஓ.: அந்த வண்டியில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி (அஸ்தம்பட்டி வாசகர்)

வணக்கம். 1964-ஆம் ஆண்டின் அமெரிக்கக் காரான போன்டியாக் ஜி.டி.ஓ.வைப் பற்றி எங்கு படித்தாலும் புகழ்மாலையாகவே இருக்கிறது. படத்தில் பார்த்தால் சாதாரணமான பெட்டி உடல். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பெட்ரோலையும் தாராளமாகக் குடிக்குமாம். அப்பாவின் அம்பாசிடரில் ஏற்காடு ஏறி இறங்கியே வளர்ந்த எனக்கு, இதன் மீது இத்தனை பேர் மையல் கொள்வதன் காரணம் பிடிபடவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (சூரமங்கலம் வாசகர்)

அது பிறந்த விதத்திலேயே பாதிக் கவர்ச்சி இருக்கிறது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது போன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவருடைய குழுவினரும், அந்த விதி மாடல்களுக்குத்தானே தவிர, வாங்குபவர் கூடுதல் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்புக்கு இல்லை என்று சந்து கண்டுபிடித்து, பெரிய கார்களுக்கு உரிய 389 கன அங்குல (6.4 லிட்டர்) வி-8 எஞ்சினை போன்டியாக்கின் நடுத்தர அளவு லெமான்ஸ் காருக்குள் இறக்கிவிட்டார்கள். அந்தத் தொகுப்புதான் ஜி.டி.ஓ. தொகுப்பின் விலை 300 டாலருக்கும் குறைவு. 5,000 வண்டி விற்றால் பெரிது என்று தயங்கிய நிறுவனம், முதல் ஆண்டிலேயே 32,000-க்கு மேல் விற்றது. பெயரைக்கூட ஃபெராரியிடமிருந்து கூசாமல் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் துணிச்சலும் எனக்குப் பிடிக்கும்.

பதில் 2 (செவ்வாய்ப்பேட்டை வாசகர்)

மிச்சிகனில் பணியாற்றிய காலத்தில் நண்பரின் ஜி.டி.ஓ.வில் பயணித்திருக்கிறேன். அவருடையது மூன்று கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவி) வைத்தது. நிதானமாகப் போகும்வரை நடுவில் உள்ளது மட்டுமே வேலை செய்கிறது. மிதியை அழுத்தியதும் மற்ற இரண்டும் திறந்துகொள்ள, காற்றை உறிஞ்சும் உறுமல் முன்னே கேட்கிறது, முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்கிறது. நின்ற இடத்தில் மிதியைத் தட்டினாலே எஞ்சினின் முறுக்கில் உடல் ஒரு பக்கம் சாய்கிறது. குறைந்த வேகச் சுழற்சியிலேயே கிடைக்கும் இந்த இழுவிசைதான் வண்டியின் உயிர். 325, 348 குதிரைத்திறன் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். விசிறி போன்ற சுமைகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைத் தனியே சோதனை மேடையில் அளந்த கணக்கு அது.

பதில் 3 (ஏற்காடு வாசகர்)

மேற்சொன்ன யாவும் சரியே. ஆனால் அது நேர்சாலைக்குப் பிறந்த வண்டி. அடிவாரத்திலிருந்து ஏறுவதற்கு அந்த எஞ்சின் பாதி மூச்சுகூட வாங்காது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான உடலை, பவர் ஸ்டீயரிங் இல்லாமல் வளைத்துத் திருப்பி இறக்குவதுதான் சங்கடம். ஏறத்தாழ ஒன்றரை டன் எடையை டிரம் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால், பாதி மலையிலேயே அது சூடேறிப் பிடிமானம் தளர்ந்துவிடும். இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி வர வேண்டும். முன்சக்கர டிஸ்க் பிரேக், கூடுதல் விலைக்கு, 1967 மாடலில்தான் வந்தது. மலைக்கு வைத்துக்கொள்வதென்றால் நான் அந்த ஆண்டு வண்டியைத்தான் தேடுவேன்.