எட்டெக் (ஆன்லைன் கல்வி) மார்க்கெட்டிங்கில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எம்பிஏ முடித்து, சென்னையில் ஒரு ஆன்லைன் கோச்சிங் நிறுவனத்தில் இரண்டு வருடமாக இருக்கிறேன். பெயருக்குத்தான் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ். உண்மையில் காலையிலிருந்து ராத்திரி வரை லீட் லிஸ்ட்டை (சேர வாய்ப்புள்ளவர்களின் பட்டியல்) வைத்துக்கொண்டு பெற்றோருக்கு போன் போட்டு, டெமோ கிளாசுக்கு வரவைத்து, அப்புறம் இஎம்ஐயில் கோர்ஸைத் தலையில் கட்டுவதுதான் வேலை. டார்கெட் முடிந்தால் இன்சென்டிவ், இல்லையென்றால் திட்டு.

எனக்குக் கற்க ஆசை எஸ்இஓ (கூகுள் தேடலில் நம் பக்கத்தை மேலே கொண்டுவருவது), யூடியூப் கன்டென்ட், பெர்ஃபார்மன்ஸ் மார்க்கெட்டிங் (பலனை அளந்து செய்யும் ஆன்லைன் விளம்பரம்). ஒரு மாணவரைச் சேர்க்க எவ்வளவு செலவாகிறது, சேர்ந்தவர் கோர்ஸை முடிக்கிறாரா என்று பார்க்கிற வேலை. பிசிக்ஸ்வாலா என்ற கோச்சிங் நிறுவனம் யூடியூபில் இலவசமாகப் பாடம் நடத்தியே வளர்ந்தது, விளம்பரத்தைக் கொட்டி இந்திய கிரிக்கெட் அணியின் ஜெர்சி வரை போன பைஜூஸ் நிறுவனம் 2024-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. இதைப் பார்த்தபிறகு இந்தத் துறையிலேயே இருக்கலாமா என்றும் பயம்தான்.

கேள்வி இதுதான்: போன் வேலையிலிருந்து கன்டென்ட் பக்கம் மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போர்ட்ஃபோலியோவில் என்ன காட்டினீர்கள்? கூகுள் ஆட்ஸ் சான்றிதழை இன்டர்வியூவில் மதிக்கிறார்களா? சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கமென்டில் சொல்லுங்கள், தயக்கமாக இருந்தால் இன்பாக்ஸ்.