செவ்வாய்க்கிழமை எங்கே போச்சு? நீண்ட தூர விமான அனுபவங்கள்

உட்லண்ட்ஸ்காரன்:
போன ஜூலையில் நானும் வீட்டுக்காரியும் மகளைப் பார்க்க சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போனோம். நடுவில் எங்கும் இறங்காத விமானம். பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். எகானமி வகுப்பே கிடையாது, மொத்தமே 161 இருக்கைகள். டிக்கெட் மகள் எடுத்ததால் விலை கேட்கவில்லை.

கிளம்பும் முன் பேரனின் உலக உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தேன். இழுத்துப் பிடித்தால் நூல் கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலேயே போகிறது. அந்தக் கணக்கில் சுமார் 15,300 கி.மீ. ஆனால் விமானம் ஜப்பான் பக்கம் ஏறி பசிபிக்கைத் தாண்டித்தான் போனது. சுற்றுதான். இருந்தாலும் கிழக்கே அடிக்கும் மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுகிறதே, அந்த லாபம்.

நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, இறங்கினால் அங்கே விடிகாலை. கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். என் பழைய முள் கடிகாரத்தைத் திருகவே வேண்டியிருக்கவில்லை! (குளிர்காலத்தில் பதின்மூன்று மணி நேரம், அப்போது இந்த வசதி இல்லை.) வீட்டுக்காரிக்குத்தான் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. கையில் பிடித்துக்கொண்டே குடிநுழைவு வரிசையில் நின்றாள்.

திரும்பும்போதுதான் வேடிக்கை. திங்கள் ராத்திரி பத்தரைக்கு விமானம், சாங்கியில் இறங்குவது புதன் விடிகாலை. அவளுக்கு முருகனுக்குச் செவ்வாய் விரதம். முதல் சாப்பாடு வந்ததும், "ஏங்க, இப்ப திங்களா செவ்வாயா?" என்றாள். நியூயார்க்கில் திங்கள் ராத்திரி பதினொன்றே முக்கால். சிங்கப்பூரில் செவ்வாய் பகல் பதினொன்றே முக்கால். நான் என்ன சொல்ல? பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அடையாறு ஆனந்தி:
காற்று விஷயம் உண்மைதான் அண்ணா. சென்னை–லண்டன் சுமார் 8,200 கி.மீ. போகும்போது எதிர்காற்று. வரும்போது அரை மணி, முக்கால் மணி மிச்சமாகும். மாமியார் மட்டும் இன்னும் நம்பவில்லை, "வீட்டுக்கு வர்ற அவசரத்துல உனக்கு அப்படித் தோணுது" என்கிறார்.

பனிக்காடன்:
எனக்கு ஹெல்சின்கியில் வேலை, அடிக்கடி டோக்கியோ போக வேண்டும். முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடலாம். 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடியபின் அதே இரண்டு ஊருக்குப் பதின்மூன்று மணி நேரம். ஊர் நகரவில்லை, வழிதான் போச்சு. ஒரு தடவை டோக்கியோவிலிருந்து வட துருவத்தின் மேலாகத் திரும்பினோம். துருவம் கடந்ததற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

அது சரி, அக்கா விரதம் என்னாச்சு?

உட்லண்ட்ஸ்காரன்:
வீடு இருக்கிற ஊர்க் கணக்குதான் செல்லும் என்று முடிவு பண்ணினாள். இறங்க மூன்று மணி நேரம் இருக்கும்போது அடுத்த சாப்பாடு வந்தது. "அங்க இப்ப மணி என்ன?" என்றாள். புதன் அதிகாலை இரண்டரை என்றேன். என் தட்டிலிருந்த ரொட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.