லாராவெல்: ஒரு சப்டொமைனில் லாகின் இருக்கிறது, அடுத்ததில் காணோம்

தூக்கணாங்குருவி:
வணக்கம். ஒரே சர்வரில் இரண்டு லாராவெல் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்) ஆப் ஓடுகின்றன. அக்கவுண்ட்ஸ்.எக்ஸாம்பிள்.காம் லாகினுக்கு, ஷாப்.எக்ஸாம்பிள்.காம் கடைக்கு. தளப்பெயரை மட்டும் மாற்றிச் சொல்கிறேன். இரண்டுக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஒன்றுதான், யூசர்ஸ் டேபிளும் ஒன்றுதான். அக்கவுண்ட்ஸில் லாகின் செய்தால் கடையிலும் லாகின் ஆகியிருக்க வேண்டும்.

இரண்டு ஆப்பின் என்வ் (செட்டிங்ஸ்) ஃபைலிலும் செஷன்_டொமைனை .எக்ஸாம்பிள்.காம் என்று வைத்து, செஷன்_குக்கிக்கும் ஒரே பெயர் கொடுத்துவிட்டேன். குக்கி (பிரவுசர் சேமித்துவைத்து ஒவ்வொரு தடவையும் தளத்துக்கு அனுப்பும் சிறு தகவல்) இரண்டுக்கும் போவது பிரவுசரின் டெவ்டூல்ஸில் தெரிகிறது. ஆனாலும் கடை லாகின் கேட்கிறது. அதைவிடக் கொடுமை, கடைப் பக்கத்தை ஒரு தடவை திறந்துவிட்டு வந்தால் அக்கவுண்ட்ஸிலும் லாகின் போய்விடுகிறது!

பழையகணினி:
டொமைனுக்கு முன்னால் இருக்கும் புள்ளியை எடுத்துப் பாருங்கள்.

இரவுப்பணி:
புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 2011இல் வந்த குக்கி விதிமுறையான ஆர்எஃப்சி 6265 படி பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது. டொமைன் என்று எதுவுமே கொடுக்காவிட்டால்தான் குக்கி, அதை வைத்த ஹோஸ்ட்டோடு நின்றுவிடும்.

குருவி, நீங்கள் கடைசியில் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. லாராவெல் தன் குக்கிகளை, என்வ் ஃபைலில் இருக்கும் ஆப்_கீ என்ற ரகசியச் சாவி கொண்டு என்கிரிப்ட் செய்கிறது. உங்கள் இரண்டு ஆப்பிலும் அது வேறு வேறாக இருக்கிறது என்று நினைக்கிறேன். அக்கவுண்ட்ஸ் கொடுத்த குக்கியைக் கடையால் பிரிக்க முடியாது. எரர் காட்டினாலாவது தேவலை, அதுவும் காட்டாது. குக்கியே வரவில்லை என்று எடுத்துக்கொண்டு புது செஷன் தொடங்கி, அதே பெயரில், அதே டொமைனில் தன் குக்கியை மேலே எழுதிவிடும். அப்புறம் அக்கவுண்ட்ஸுக்குத் திரும்பினால், இந்தக் குக்கி அதற்குப் புரியாது.

அக்கவுண்ட்ஸின் கீயைக் கடைக்கும் கொடுங்கள். ஆனால் கடை ஆப் எதையாவது என்கிரிப்ட் செய்து டேட்டாபேஸில் வைத்திருந்தால், பழைய கீயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லாராவெல் 11 முதல் ஆப்_பிரீவியஸ்_கீஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் போட்டு வைக்கலாம்.

தூக்கணாங்குருவி:
கீ வேறுதான். மாற்றிவிட்டு, பழைய செட்டிங்ஸ் கேஷில் நிற்காமல் இருக்க கான்ஃபிக் கிளியரும் செய்தேன். இப்போது கடைக்குப் போய் வந்தாலும் அக்கவுண்ட்ஸ் லாகின் அப்படியே நிற்கிறது. கடை மட்டும் இன்னும் லாகின் கேட்கிறது.

இரவுப்பணி:
சரி, பாதி முடிந்தது. செஷனை எங்கே சேமிப்பது என்று சொல்லும் செஷன்_டிரைவர், ஃபைல் என்று இருக்கிறதா? குக்கிக்குள் இருப்பது செஷன் ஐடி மட்டும்தான். யார் லாகின் செய்தார் என்ற விவரம் அந்தந்த ஆப்பின் ஸ்டோரேஜ் ஃபோல்டரில் கிடக்கும். கடை இப்போது ஐடியைப் படித்துவிடுகிறது, ஆனால் தன் ஃபோல்டரில் அந்தப் பெயரில் ஃபைல் இல்லை. இரண்டிலும் டிரைவரை டேட்டாபேஸ் என்று மாற்றுங்கள், செஷன்ஸ் டேபிள் இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள்ளுங்கள். ரெடிஸும் (மெமரியில் ஓடும் டேட்டா ஸ்டோர்) வைக்கலாம், ஆனால் அதில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் சேரும் ப்ரீஃபிக்ஸ் ஆப்_நேமிலிருந்து வரும், அதையும் ஒன்றாக்க வேண்டும். உங்களுக்கு எதற்கு அந்த வம்பு?

தூக்கணாங்குருவி:
வந்துவிட்டது, மிக்க நன்றி! இதையே ஹெரோக்கு ஹோஸ்டிங் கொடுக்கும் ஹெரோக்குஆப்.காம் கீழே இரண்டு ஆப்பாகப் போட்டு டெஸ்ட் செய்யலாமா?

பழையகணினி:
நடக்காது. ஹெரோக்குஆப்.காம் பப்ளிக் சஃபிக்ஸ் பட்டியலில் (.காம் போல, பலரும் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் பொது முடிவுகளின் பட்டியல்) இருக்கிறது, அதன் பெயரில் குக்கி வைக்க பிரவுசர் விடாது. டெஸ்ட்டுக்கும் சொந்த டொமைனே வேண்டும். இன்னொன்று, உங்கள் செஷன் குக்கி இனி எல்லா சப்டொமைனுக்கும் போகும். ஏதாவது ஒன்றை வெளியாள் சர்வரில் ஓட்டினால், அந்தத் தளத்தை வேறு டொமைனுக்கு மாற்றிவிடுங்கள்.