வீட்டில் மெட்டல் கிட்டார் ரெக்கார்டிங்: முதல் செலவு எதற்கு? உங்கள் அனுபவம்?

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த ஆம்ப் வாங்கலாம்?" என்றுதான். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மெட்டல் கிட்டாரின் சத்தத்தைத் தீர்மானிப்பவை இரண்டு முனைகள். ஒரு பக்கம் கிட்டார், ஸ்ட்ரிங், பிக்கப். மறுபக்கம் ஸ்பீக்கர். ஆம்ப் இவற்றுக்கு அடுத்துதான்.

ஸ்பீக்கரிலிருந்தே தொடங்குகிறேன். ஆம்ப் சிமுலேட்டரில் (ஆம்பைப் போலச் செய்யும் மென்பொருள்) கேபினெட்டை, அதாவது ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் ஆஃப் செய்துவிட்டு ஒரு பவர் கார்டு அடித்துப் பாருங்கள். காதுக்குள் கொசு புகுந்த மாதிரி இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் கிளப்பிவிடும் கரகரப்பை வடிகட்டுவது அதுதான். ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) கோப்பில் இருப்பதும் இதுவே: குறிப்பிட்ட ஒரு ஸ்பீக்கர், அதன் பெட்டி, மைக், மைக் வைத்த இடம், எல்லாம் சேர்ந்த விளைவு.

ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் வரி) டிஐயாக, அதாவது ஆம்ப் சேராத வெறும் கிட்டார் சிக்னலாகப் பதிந்து வைத்துக்கொண்டு, ஆம்பில் எதையும் தொடாமல் ஐஆரை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டேன். செலஸ்டியன் விண்டேஜ் 30-ன் நடுவில் மைக் வைத்து எடுத்ததில், பிக் (மீட்டும் சில்லு) ஸ்ட்ரிங்கில் உரசும் சத்தம் பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்தது. அதே ஸ்பீக்கரில் மைக்கை விளிம்புப் பக்கம் தள்ளி எடுத்ததில் உரசல் அடங்கி, பாம் மியூட் (உள்ளங்கையால் ஸ்ட்ரிங்கை அடக்கி வாசிப்பது) தடித்தது. ஐஆரை அப்படியே விட்டுவிட்டு ஆம்ப் மாடலை மாற்றியபோது இவ்வளவு வித்தியாசம் வரவில்லை. நல்ல ஐஆர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆம்புக்கு நியூரல் ஆம்ப் மாடலர் இருக்கிறது, அதுவும் இலவசம். இந்தப் பக்கம் பணமே தேவையில்லை, பொறுமையாகக் கேட்டால் போதும்.

பணம் போக வேண்டியது கிட்டார் பக்கம். 25.5 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) கிட்டாரில் 10-46 செட்டை (ஸ்ட்ரிங் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) போட்டு டிராப் சி-க்கு (அடி ஸ்ட்ரிங் சி சுருதிக்கு வரும் தாழ்ந்த டியூனிங்) இறக்கினால் அடி ஸ்ட்ரிங் தொளதொளத்துவிடும். ஓங்கி அடிக்கும்போது சுருதி ஒரு கணம் மேலே ஏறிவிட்டுத்தான் இறங்கும். டியூனர் சரியென்று காட்டும், காது ஒத்துக்கொள்ளாது. இடம், வலம் என இரண்டு தடவை வாசித்து அடுக்கும்போது இந்தப் பிசிறு இரட்டிப்பாகும். 11-54 மாதிரி தடித்த செட், நல்ல செட்டப், இன்டொனேஷன் (கழுத்து முழுக்கச் சுருதி சரியாக இருப்பது) சரிபார்ப்பு, ரெக்கார்டிங்குக்கு முன் புது ஸ்ட்ரிங். என் பட்டியலில் முதல் செலவு இதுதான். பிக்கப் ஹம்பக்கராக (இரட்டைச் சுருள் வகை) இருக்கட்டும். 1955-ல் கிப்சனில் சேத் லவர் அதை வடிவமைத்ததே மின் இரைச்சலை ரத்து செய்யத்தான். மெட்டலுக்கு வைக்கிற கெயினில் அந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகும் என்பதால் நமக்கு அது இன்னும் முக்கியம்.

இன்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 24 பிட்டில் பதியும்போது லெவலை உச்சத்துக்கு ஏற்ற வேண்டியதில்லை, பீக் -12 டெசிபல் பக்கம் நின்றால் தாராளம். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் தாமதம் 2.7 மில்லிசெகண்ட். போக வர இரண்டையும் கூட்டினாலும் வாசிக்கத் தடையாக இருக்காது.

கெயின் பற்றி ஒன்று: இரண்டு டிராக் அடுக்கப் போகிறீர்கள் என்றால், தனியாக வாசிக்கும்போது பிடிக்கிற அளவைவிடக் குறைத்தே வையுங்கள். ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் வகை பெடல், டிரைவ் பூஜ்யத்தில், லெவல் முழுசாக. ஆம்புக்குள் போவதற்கு முன்பே சிக்னலில் பேஸ் குறைந்துவிடுவதால் வேகமான ரிஃப் குழம்பாது.

*

அண்ணா, ஸ்பீக்கர் பற்றி நீங்கள் சொன்னதை நிஜ கேபினெட்டில் அனுபவித்தவன் நான். என்னிடம் சின்ன வாட் ட்யூப் ஆம்பும் ஒரு ஷூர் எஸ்எம்57-ம் இருக்கின்றன. 1965-ல் வந்த மைக், இன்றைக்கும் கேபினெட் முன்னால் அதைத்தான் வைக்கிறார்கள். எனக்கும் வேறொன்று வேண்டும் என்று தோன்றவில்லை.

மைக் இடம் தேட நான் செய்வது இது. வாசிக்காமல் ஆம்பில் கெயினை மட்டும் ஏற்றினால் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் வரும். மூடிய வகை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஸ்பீக்கர் நடுவிலுள்ள டஸ்ட் கேப்பிலிருந்து மைக்கை மெல்ல வெளிப்பக்கம் நகர்த்துங்கள். விரல் அகலம் நகர்ந்தாலே அந்த இரைச்சலின் நிறம் மாறும். கூர்மை மங்கத் தொடங்கும் இடம் டஸ்ட் கேப்பின் விளிம்பை ஒட்டி வரும். அங்கே நிறுத்திவிட்டு ரிஃபை வாசித்தால் பெரும்பாலும் ஈக்யூவில் கை வைக்கவே வேண்டியிருக்காது.

இன்னொரு விஷயம், தயவுசெய்து எல்லோரும் கவனியுங்கள். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று ட்யூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட விடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். சத்தமில்லாமல் பதிய வேண்டுமென்றால் லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி) கட்டாயம்.

*

கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் ஆம்ப், பெடல் எல்லாம் அடுத்துதான் என்பதை நான் முழுசாக ஏற்க மாட்டேன் நண்பரே. ஸ்வீடிஷ் டெத் மெட்டல் சத்தம் வேண்டுமென்றால் எல்லாமே நடுவில்தான் இருக்கிறது. பாஸ் நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த எச்எம்-2 பெடலில் குமிழ் எல்லாவற்றையும் முழுக்கத் திருப்பினால் வருகிற ரம்பச் சத்தம், எந்த ஐஆரை மாற்றினாலும் ரம்பச் சத்தமாகவே இருக்கும். எனக்கு அந்தப் பாணிமேல் உயிர், அதனால் என் முதல் செலவு பெடல்.

*

அது நியாயம். அந்தப் பாணிக்கு பெடல்தான் முதலில், நான் சொன்ன வரிசை அங்கே செல்லாது. ஆனால் அந்த ரம்பச் சத்தத்திலும் மேல் ஸ்தாயி எவ்வளவு குத்தலாம் என்பதை ஐஆர்தான் முடிவு செய்கிறது. விளிம்புப் பக்கம் எடுத்த ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

*

லேப்டாப்பில் பதிகிறவர்களுக்கு: நிறுத்தும் இடங்களில் 'ங்ங்ங்' என்று இரைந்தால் நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் கருவி) போடுவதற்கு முன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எனக்குப் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. மீதிக்கு, கிட்டாரை மடியில் வைத்தபடியே நாற்காலியை மெல்லச் சுழற்றினேன். மானிட்டருக்குப் பக்கவாட்டில் திரும்பியதும் அடங்கியது. அந்தக் கோணத்தில் தரையில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் மிச்சமிருந்தால் கேட்டை ஆம்புக்கு முன்னால் வையுங்கள், சுத்தமான சிக்னலில் அது துல்லியமாகத் திறந்து மூடும்.